ஃப்ரூட் ஸ்கோன் ஏன் கல் மாதிரி வருகிறது?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கிறார். போன வாரம் மாமியாருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல், நடுவில் சின்னவனுக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து நாத்தனாரின் போன் வேறு. சனிக்கிழமை மத்தியானம் வீடு கொஞ்சம் அடங்கியதும், ஏதாவது ஒன்றாவது தன் கையால் நல்லபடியாக நடக்கட்டும் என்று ஃப்ரூட் ஸ்கோன், அதாவது உலர்திராட்சை போட்டு ஓவனில் சுடுகிற சின்ன ரொட்டி, போட்டிருக்கிறார். வந்தது வட்டமான கல். செய்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மைதாவில் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், மேலே உருக்கிய வெண்ணெய், பால், உலர்திராட்சை. சப்பாத்தி மாவு போலப் பத்து நிமிடம் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் ஊறவைத்து, கட்டையால் தேய்த்து, டம்ளரைக் கவிழ்த்துத் திருகி வெட்டி, 180 டிகிரியில் அரை மணி நேரம். எங்கே தப்பு, பழைய முறை எது என்று கேட்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. மாவை நன்றாகப் பிசைந்தது, ஊறவைத்தது, மெல்லிசாகத் தேய்த்தது எல்லாம் சப்பாத்திக்குச் சரியான காரியங்கள். சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகிய வேலை அது, களைத்துப்போன நாளில் கை தானாக அதைத்தான் செய்யும். ஸ்கோனுக்கு மட்டும் அது ஒவ்வொன்றும் நேர் எதிர்.

நான் இருபது வருஷமாக வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில், நியூகாசிலுக்கு வடக்கே இருக்கிறேன். இந்தப் பக்கத்து வீடுகளில் ஸ்கோன் என்பது விருந்துக்குச் செய்கிற பலகாரம் இல்லை. திடீரென்று யாராவது வந்துவிட்டால் அரை மணியில் போட்டு எடுக்கிற சாதாரணப் பண்டம். நம் வீட்டில் ஆள் வந்ததும் பஜ்ஜிக்கு வாணலி ஏறுகிற மாதிரி. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. சமையல் புத்தகம் பார்த்துச் செய்கிறவர் இல்லை, தராசும் இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே நின்று இரண்டே வார்த்தை சொல்வார்: "போதும், விடு."

அந்தப் "போதும், விடு" எதற்கு என்பதைச் சொல்கிறேன். மைதாவில் இருக்கிற புரதங்கள் தண்ணீரோ பாலோ பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குளூட்டன் என்கிற வலையாகின்றன. பிசையப் பிசைய அந்த வலை இறுகும். பரோட்டாக்காரர் மாவைப் போட்டு அடித்து ஊறவைத்து வீசினால் கிழியாமல் விரிகிறதே, அது இந்த வலையின் வேலைதான். ஈஸ்ட் போட்ட ரொட்டிக்கும் இது வேண்டும், மணிக்கணக்கில் மெதுவாக வருகிற காற்றைப் பிடித்துவைக்க அந்த உறுதி தேவை. ஸ்கோனுக்குக் கிடைப்பதோ அடுப்பில் பன்னிரண்டு பதினான்கு நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் பேக்கிங் பவுடரின் காற்றும் பாலின் நீராவியும் மாவைத் தூக்கியாக வேண்டும். வலை இறுகியிருந்தால் மாவு எழும்பாது, சுற்றியும் விறைத்துவிடும். அதுதான் உங்கள் கல்.

வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சமாளித்தவருக்கு ஒரு பாத்திரத்தில் மாவு கிடைத்தால் என்ன ஆகும்? மனதில் அடக்கிவைத்ததெல்லாம் உள்ளங்கை வழியாக மாவுக்குள் இறங்கும். எனக்கும் இறங்கியிருக்கிறது. ஒரு நவம்பரில் அப்பா திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். இங்கே நள்ளிரவு ஒன்றரை என்றால் அங்கே காலை ஏழு. அந்த நேரத்துக்குத்தான் டாக்டரைப் பார்த்துவிட்டு அண்ணன் போன் பண்ணுவான். ஐந்து ராத்திரி அப்படி. ஆறாம் நாள், "அப்பா கண் முழிச்சிட்டார், பேசறார்" என்று சேதி வந்தது. சந்தோஷம்தான், ஆனால் உடம்பு நடுங்குவது நிற்கவில்லை. அன்றைக்கு மாவு எடுத்து உட்கார்ந்தேன். பாட்டி வந்து பார்த்துவிட்டு, என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பாத்திரத்துக்கு வெளியே எடுத்து வைத்தார். அந்த மாவை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக மாவு அளந்து என் கையில் கொடுத்தார். அடித்துப் பிசைந்துதான் ஆக வேண்டும் என்று கை துடிக்கிற நாளில் தயவுசெய்து பரோட்டாவோ ஈஸ்ட் ரொட்டியோ போடுங்கள், அவை அதைத் தாங்கும், அடிக்க அடிக்க நன்றாகவும் வரும். கையை லேசாக வைத்துக்கொள்ள முடியும் என்கிற அளவுக்கு மனம் அடங்கிய பிறகு ஸ்கோனுக்கு வாருங்கள்.

இனி முறை. ஆறு அல்லது ஏழு ஸ்கோனுக்கு 225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் முன்பே கலந்த மைதா), அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு, 50 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 25 கிராம் சர்க்கரை, 60 கிராம் உலர்திராட்சை. ஒரு முட்டையை அளவுக் கோப்பையில் உடைத்து ஊற்றி அடித்து, மொத்தம் 150 மில்லி வருகிற வரை பால் விட்டுக் கலக்குங்கள். அதில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து மேலே தடவுவதற்கு ஒதுக்கி வையுங்கள். செல்ஃப் ரெய்சிங் இல்லை, சாதா மைதாதான் இருக்கிறது என்றால் இதே அளவுக்கு மொத்தம் மூன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் வேண்டும். நீங்கள் போட்ட ஒன்று காணவே காணாது. ரொட்டிக்கென்று விற்கிற ஸ்ட்ராங் மாவும் கோதுமை ஆட்டாவும் இதற்கு வேண்டாம்.

முட்டை சாப்பிடாத வீடா? தயங்கவே வேண்டாம், பழைய ஸ்கோன்களில் முட்டை கிடையாது. முட்டை போட்டால் நிறமும் கொஞ்சம் செழிப்பும் வரும், அவ்வளவுதான். அதற்குப் பதில் புளிப்பு மோர் விட்டால் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் நாம் சாப்பாட்டில் ஊற்றிக்கொள்கிற நீர்மோர் இல்லை. மூன்று பங்கு தயிருக்கு ஒரு பங்கு பால் விட்டு அடித்த கெட்டி மோர். அயர்லாந்தில் பாட்டிமார் மோரும் ஆப்பச்சோடாவும் சேர்த்துத்தான் ரொட்டியும் ஸ்கோனும் போட்டார்கள். மோரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்தால் காற்று கிளம்பும், மாவும் மெத்தென்று ஆகும்.

இந்தச் சோடா விஷயம் உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பேக்கிங் பவுடர் வருவதற்கு முன்னால் ஸ்கோன் இவ்வளவு உயரமாக இருந்ததே இல்லை. ஸ்காட்லாந்துக் கவிஞர் கேவின் டக்ளஸ் 1513-ல் முடித்த லத்தீன் காவிய மொழிபெயர்ப்பில் ஸ்கோன் என்ற சொல் வருகிறது, அவ்வளவு பழையது. அந்தக் காலத்து ஸ்கோன் இரும்புக் கல்லில் வாட்டிய தட்டை ரொட்டி, ஓட்ஸிலோ பார்லியிலோ செய்து முக்கோணமாக வெட்டியது. பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃப்ரெட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்டும் ஆகாது. அவருக்காக 1837-ல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தார் கணவர். அதன்பின் 1843-ல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி எழும்பச் செய்ய ஒரு பேக்கிங் பவுடர். இரண்டு வருஷம் கழித்து, 1845-ல், பிரிஸ்டலைச் சேர்ந்த ஹென்றி ஜோன்ஸ் அதுபோன்ற பொடியை மாவோடே கலந்து விற்கிற செல்ஃப் ரெய்சிங் மாவுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் கடையில் காண்கிற உயரமான ஸ்கோன் இந்த இரண்டு பேருக்குப் பிறகு வந்ததுதான்.

பேக்கிங் பவுடரில் இருப்பது நம் ஆப்பச்சோடாவும் அதற்குத் துணையாக ஒரு புளிப்புப் பொடியும். பழைய நாளில் அந்தப் புளிப்பு, திராட்சை மது புளிக்கிற பீப்பாயின் உட்புறத்தில் படிகிற உப்பிலிருந்து வந்தது. காய்ந்திருக்கும் வரை இரண்டும் சும்மா இருக்கும். ஈரம் பட்ட நொடியில் வேலை தொடங்கிவிடும், மிச்ச வேலை சூட்டில் நடக்கும். நீங்கள் பால் விட்டுப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்தபோது அந்தக் காற்றில் நல்ல பங்கு ஈரத்துணிக்குக் கீழேயே போய்விட்டது. ஆகவே அடுப்பைச் சூடாக்கி, தட்டைத் தயாராக வைத்துவிட்டு, அதன் பிறகுதான் பாலைத் தொடுங்கள். பவுடர் டப்பா திறந்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் பாருங்கள். ஒரு டீஸ்பூனைச் சுடுதண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நான்கு குமிழி விட்டால் புதுசு வாங்குங்கள். காற்று வரவில்லை என்று சோடாவை இஷ்டத்துக்குக் கூட்டிவிடாதீர்கள், சோப்பைக் கடித்த மாதிரி வாயில் நிற்கும்.

திராட்சையை முதலிலேயே ஊறவைக்க வேண்டும். இங்கே ஃப்ரூட் ஸ்கோன் என்றால் பெரும்பாலும் சுல்தானா, அதாவது விதையில்லாத பொன்னிற உலர்திராட்சை. வடக்கே கரன்ட் என்கிற மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் திராட்சையும் போடுவார்கள். கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரின் பெயர்தான் மருவி அதற்குப் பெயராயிற்று. நம் கிஸ்மிஸும் தாராளமாகச் சேரும். எதுவானாலும் பால் விடாத சூடான கறுப்புத் தேநீரில் பத்து நிமிடம் போட்டு, வடித்து, துணியில் ஒற்றி ஈரம் போக்கிவிடுங்கள். காய்ந்த திராட்சையை அப்படியே போட்டால் அது மாவில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும், மேலே துருத்திக்கொண்டிருப்பவை அடுப்பில் கருகிக் கசக்கும். ஊறியது கடிக்கிறபோது சாறாக உடையும். அறுபது கிராமுக்கு மேல் போகாதீர்கள், திராட்சை கூடினால் மாவு ஒட்டி நிற்க இடமில்லாமல் உதிரும்.

இப்போது வெண்ணெய். உருக்கவே கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, சலித்த மாவில் போடுங்கள். இங்கே இதற்கு 'ரப்பிங் இன்' என்பார்கள், சமையல் வீடியோக்களில் அதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. நம்மிடம் அதற்கு ஏற்கெனவே அருமையான சொல் இருக்கிறது: பிசிறுவது. முறுக்கு மாவில் வெண்ணெய் போட்டு உங்கள் அம்மா விரல்நுனியால் பிசிறுவார்களே, அதே வேலை. உள்ளங்கை படக்கூடாது, உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். இரண்டு கையாலும் மாவை அள்ளி, கொஞ்சம் உயரத் தூக்கி, கட்டைவிரல் மற்ற விரல்நுனிகளின் மேல் ஓட, மாவு பாத்திரத்துக்குள் உதிர வேண்டும். மூன்று நான்கு நிமிடத்தில் ரவை மாதிரி ஆகிவிடும். கையில் பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும். புட்டு மாவுக்குப் பார்க்கிற அதே பதம். அங்கங்கே பயறு அளவில் வெண்ணெய் தெரிந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் பிசிறுதலில் நடப்பது என்னவென்றால், மாவின் ஒவ்வொரு பொடியையும் வெண்ணெய் பூசிவிடுகிறது. பிறகு பால் வந்தாலும் எல்லாப் புரதத்துக்கும் ஈரம் எட்டாது, வலை முழுதாகப் பின்னாது. தப்பித்தவறிக் கொஞ்சம் அதிகம் புரட்டிவிட்டாலும் வெண்ணெய் காப்பாற்றும். உருக்கி ஊற்றினால் வெண்ணெய் ஒரு பக்கம் குடித்து மறுபக்கம் வெறும் மாவாக நிற்கும், அந்தக் காப்பு கிடைக்காது. ஐம்பது கிராம் குறைவாகத் தெரிகிறதா? அதுவே போதும். பாட்டியின் சின்ன வயதில் வெண்ணெய் ரேஷனில்தான் கிடைத்தது. பிரிட்டனில் 1940 ஜனவரியில் வெண்ணெய் ரேஷனுக்கு வந்தது, உணவு ரேஷன் முழுதாக முடிந்தது 1954 ஜூலையில். ஞாயிற்றுக்கிழமை ஸ்கோனில் வெண்ணெய் வாசனை வந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கோ பிறந்தநாள் என்று அர்த்தமாம். அப்படி வளர்ந்தவர், பிற்காலத்தில் கைநிறைய வெண்ணெய் வாங்க முடிந்தபோதும் மாவுக்குள் அளவோடுதான் போட்டார். மிச்சத்தை, வெந்த ஸ்கோனின் மேல் தாராளமாகப் பூசுவார்.

பிசிறி முடிந்தால் உங்கள் களைப்பில் பாதி போயிருக்கும், என் அனுபவம் இது. எதையும் அழுத்தாமல், எதையும் பிடித்து வைக்காமல், விரலிலிருந்து மாவு உதிர்ந்துகொண்டே இருக்கிற நான்கு நிமிடம். அதை மிக்ஸியில் போட்டு முடித்துவிடாதீர்கள்.

சர்க்கரை, திராட்சை சேர்த்து ஒருமுறை கிளறுங்கள். நடுவில் குழி செய்து, பாலை முக்கால்வாசி ஊற்றுங்கள். இதற்கப்புறம் கை வேண்டாம், வெண்ணெய் தடவுகிற மழுங்கல் கத்தியை எடுத்து, அதன் முனையால் வெட்டுவதுபோல் அங்குமிங்கும் கொண்டுபோங்கள். பத்துப் பதினைந்து வெட்டில் மாவு திரளத் தொடங்கும். ஓரத்தில் காய்ந்த பொடி மிச்சமிருந்தால் மீதிப் பாலை அந்த இடத்துக்கு மட்டும் விடுங்கள். பதம் சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, மெதுவடை மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மாவைக் கொட்டத் தோன்றும், பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். அந்த ஈரம்தான் அடுப்பில் நீராவியாகி ஸ்கோனைத் தூக்குகிறது. மேடையில் மெலிதாக மாவு தூவி, கலவையை அதன்மேல் கவிழ்த்து, மேலேயும் ஒரு சிட்டிகை தூவி, கையால் மெல்லத் தட்டி, பாதியாக மடித்து, திருப்பி, இன்னொரு தடவை மடியுங்கள். இரண்டே மடிப்பு. வழுவழுப்பு வரவேண்டியதில்லை, மேலே வெடிப்பும் மேடும் பள்ளமுமாக இருந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். போதும், விடு.

சப்பாத்திக் கட்டையை எடுக்கவே வேண்டாம். உள்ளங்கையால் லேசாகத் தட்டி 2.5 சென்டிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆள்காட்டி விரலை மேடையில் செங்குத்தாக நிறுத்தினால் நுனியிலிருந்து முதல் கணுவுக்குக் கொஞ்சம் மேலோ கீழோ வரும் உயரம். ஸ்கோன் எழும்புகிறது என்கிறோமே தவிர, முக்கால் அங்குலத்துக்குக் கீழே தட்டினால் அது உயரமாக வரவே வராது.

அடுத்தது உங்கள் டம்ளர். டம்ளரில் இரண்டு சங்கடம். அதன் விளிம்பு உருட்டி மழுங்கலாக இருக்கும், மாவை வெட்டாமல் அமுக்கும். இரண்டாவது, அதைத் திருகினால்தான் வெளியே வரும். திருகும்போது வெட்டிய ஓரம் இழுபட்டு ஒட்டி மூடிக்கொள்கிறது. ஓரம் மூடிவிட்டால் அந்தப் பக்கம் எழும்ப வழியில்லை, ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கூர்மையான விளிம்புள்ள 6 சென்டிமீட்டர் வட்ட அச்சை மாவில் தோய்த்து, நேராகக் கீழே அழுத்தி, நேராக மேலே எடுங்கள். அச்சு இல்லையென்றால் மாவை வட்டமாகத் தட்டி, கூரான கத்தியால் ஆறு முக்கோணமாக வெட்டிவிடுங்கள். அதுதான் இன்னும் பழைய முறை, துண்டும் மிச்சமாகாது. அச்சில் வெட்டி மிஞ்சியதைச் சேர்த்து மறுபடி தட்டினால் வருகிற கடைசி இரண்டு கொஞ்சம் கட்டியாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அவை சமைத்தவருக்கு, சூடாக, அடுப்படியில் நின்றபடியே.

ஒதுக்கிவைத்த முட்டைப்பாலை மேலே மட்டும் தடவுங்கள். பக்கவாட்டில் ஒரு சொட்டு வழிந்தாலும் அது வெந்து பசைபோலப் பிடித்துக்கொண்டு எழும்ப விடாது. தட்டில் ஸ்கோன்களை விரலகலம் இடைவெளியில் நெருக்கி வையுங்கள், ஒன்றுக்கொன்று துணையாக நேரே மேலே வரும். அடுப்பு 220 டிகிரி, காற்றாடி உள்ள ஓவன் என்றால் 200, கேஸ் ஓவன் என்றால் குமிழில் 7-ம் எண். முழுச் சூடு வந்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிடம். 180-ல் வைத்தால் எழும்புவதற்கு முன்பே மெதுவாகக் காய்ந்துவிடுகிறது, அரை மணி நேரம் வைத்தால் கேட்கவே வேண்டாம். எடுத்ததும் அடியில் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வரும். பக்கவாட்டில், நடு உயரத்தில், ஒரு வெடிப்பு சுற்றி ஓடியிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. அந்த வெடிப்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துப் பிளந்தால் கத்தியில்லாமல் இரண்டாக வரும். கிராமத்துப் பொருட்காட்சிகளில் பெண்கள் சங்கத்தினர் ஸ்கோனுக்குப் பரிசு கொடுக்கும்போது இந்தப் பிளவைக் கட்டாயம் பார்ப்பார்கள்.

மேலே மொறுமொறுப்பு வேண்டுமானால் கம்பித்தட்டில் ஆறவிடுங்கள். உங்கள் மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார், மென்மையாக இருந்தால் நல்லது. அதற்குச் சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள், இட்லியை ஈரத்துணியில் வைக்கிற மாதிரி உள்ளேயே ஆவி நின்று மேல்பக்கம் மெத்தென்று ஆகும்.

எதைத் தடவிச் சாப்பிடுவது? டெவன்காரர்கள் க்ரீமை முதலில் தடவி அதன்மேல் ஜாம் வைப்பார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாமை முதலில். தெற்கே இதற்கு உண்மையாகவே கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அது பெரும்பாலும் திராட்சை போடாத சாதா ஸ்கோனின் விவகாரம். ஃப்ரூட் ஸ்கோனுக்குள் இனிப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஜாம் அதை மூடிவிடும். உப்பு போட்ட வெண்ணெய், பாதி உருகிப் பாதி உருகாமல் நிற்கிற சூட்டில், அதுமட்டும் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. பெயரையும் இங்கே வடக்கே 'ஸ்கான்' என்றுதான் சொல்கிறார்கள், தெற்கே பலர் 'ஸ்கோன்' என்கிறார்கள். நான் எழுத்தில் ஸ்கோன் என்று எழுதினாலும் வாயில் பாட்டியின் உச்சரிப்புதான் வருகிறது.

செய்த அன்றே சாப்பிட்டுவிடுங்கள். மறுநாள் வறண்டுவிடும், பிளந்து வாட்டினால் மீண்டும் உயிர் வரும். இன்னொரு உபாயம், அடுத்த வாரமும் ஆஸ்பத்திரி நடை இருக்குமே என்பதற்காகச் சொல்கிறேன். வெட்டிய ஸ்கோன்களை வேகவைக்காமல் தட்டோடு உறைபெட்டியில் கெட்டியாக்கி, பிறகு பையில் போட்டு வையுங்கள். ஒரு மாதம் நிற்கும். வேண்டியபோது உறைந்தபடியே சூடான அடுப்பில், மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக. சாயங்காலம் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்பைப் போட்டால், முகம் கழுவி வருவதற்குள் வீடு முழுக்க வாசனை.

ஓவனே வேண்டாம், நிற்கத் தெம்பில்லை என்கிற நாளுக்கு இந்த நார்தம்பர்லாந்தில் ஒன்று இருக்கிறது. சிங்கிங் ஹின்னி என்று பெயர். 'ஹின்னி' என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில் 'கண்ணு' மாதிரி. பசித்த பிள்ளை ஆயிற்றா ஆயிற்றா என்று கேட்டதற்கு, "இன்னும் இல்லை, பாடிக்கிட்டுதான் இருக்கு, கண்ணு" என்று தாய் சொன்னாளாம், அதுவே பெயராயிற்று என்பார்கள். ஸ்கோன் இரும்புக் கல்லில் வெந்த காலத்தின் மிச்சம் இது, நம் தோசைக்கல்லில் அப்படியே வரும். 225 கிராம் மைதா, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, 100 கிராம் வெண்ணெய். பழைய முறையில் பாதி பன்றிக்கொழுப்பு போடுவார்கள், வெண்ணெய் மட்டுமே போட்டாலும் நன்றாகவே இருக்கும். பிசிறி, 75 கிராம் கரன்ட் அல்லது கிஸ்மிஸ் போட்டு, திரள்கிற அளவுக்குக் கொஞ்சம் பால். அரை அங்குலத்துக்கும் குறைவாக அடைபோலத் தட்டி, நாலாக வெட்டி, மிதமான தீயில் காய்ந்த கல்லில் எண்ணெய் விடாமல் போடுங்கள். பக்கத்துக்கு ஐந்து நிமிடம்.

போட்டதும் உள்ளேயிருக்கும் வெண்ணெய் உருகிக் கல்லில் பட்டு மெல்லிய சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். காய்ச்சல் விட்ட உங்கள் சின்னவனை அடுப்புக்குச் சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். பாட்டுச் சத்தம் குறைந்ததும் சொல்லச் சொல்லுங்கள், அப்போதுதான் திருப்பிப் போட வேண்டும்.